கரித்துகளும் தானிய மகரந்தமும்

மன்னாரில் இருந்து புலம்பெயர்ந்து வந்த டொலறஸ், இல்ஃபோர்ட்டில் ரயிலேறி ஒரு கல்லூரி ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போகிறவள். சதுப்பு நிலத்தில் ஆழக் குழாய் இறக்கி எடுத்த சேற்றில் கிடக்கும் மகரந்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ணுவதுதான் நான்கு வருடமாக அவள் வேலை.

ஆறாயிரம் வருடப் பழமையான சேற்றுப் படை ஒன்றில் எல்ம் என்ற காட்டு மரத்தின் மகரந்தம் திடீரென்று குறைந்திருந்தது. அதே படையில் கரித்துகளும் தானியப் பயிரின் மகரந்தமும் இருந்தன. யாரோ காட்டை எரித்து, அங்கே முதன்முதலாக விதைத்திருக்கிறார்கள்! அவள் ஆய்வாளர் ரஜனியிடம் ஓடினாள். ரஜனியின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் டொலறஸ்தான் ஞானத்தாய்.

"அக்கா, இது நீங்கள் கண்டுபிடிச்சது. கட்டுரையில கட்டாயம் உங்கட பேர் வரும்," என்றாள் ரஜனி.

கட்டுரை வந்தது. அதில் ரஜனியின் பெயர் மட்டுமே இருந்தது. டொலறஸ் அவளிடமே போய்க் கேட்டாள்.

"நீங்கள் எண்ணித் தந்தனீங்கள், அவ்வளவுதானே அக்கா. எண்ணுற ஆக்களின்ர பேரைப் போடேலாது."

"நான் என்ன மெஷினோ? அந்தப் படையை நீ ஒருக்காலும் பார்க்கேல்லை. நான் சொன்னதைத்தானே அப்பிடியே எழுதினனி?" என்று கேட்டாள் டொலறஸ்.

திகதியிட்ட தன் குறிப்புப் புத்தகங்களை அவள் துறைத் தலைவரிடம் கொடுத்தாள். மூன்று மாதத்தில் திருத்தம் வெளியாகி, அவள் பெயரும் சேர்ந்தது. அந்த ஞாயிறு கோயில் பூசையில், எல்லோரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில், ரஜனி கை நீட்டினாள். டொலறஸ் கையைக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.