நூத்தியெட்டு சுத்து, நூத்தியெட்டு இங்கிலீஷ் வார்த்த

என் மக செல்விக்கு ரெண்டு தடவ வயித்துலயே கலஞ்சு போச்சு. மூணாவதா தங்கினப்ப அவ லண்டன்ல இருந்தா. படுத்தே இருக்கணும்னுட்டாங்க டாக்டர். மாப்பிள்ள வேலைக்குப் போயிட்டா ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆள் கிடையாது. போன வருசம் ஆடி மாசம் போன்ல கேட்டா, "எம்மா, நீ வாரியா?"

நான் கைநாட்டு. இதக்கூட நான் சொல்லச் சொல்ல எங்க வீட்டு மருமகதான் எழுதுதா. சங்கரன்கோவில்ல தறிச்சத்தத்துக்குள்ளயே கெடந்தவ நான், மதுரையத் தாண்டினது இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு முட்டுவலி, அவரால வர முடியாது. தனியாத்தான் போகணும். அங்கன தண்ணி கேக்கணும்னாலும் இங்கிலீஷ்லதான் கேக்கணும்.

கோயிலுக்குப் போயி நம்ம ஆத்தா கோமதி அம்மன் முன்னால நின்னு அழுதேன். தாயே, என் மக பக்கத்துல ஒரு ஆள அனுப்புன்னு கேட்டேன். நான் போறேன்னு சொல்ல வாய் வரல. அம்புட்டு பயம்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்துச்சு. அப்ப நம்ம ஊர்ல வேண்டுதல் உள்ளவுக எல்லாம் ஆடிச்சுத்து சுத்துவோம்லா, கோயில நூத்தியெட்டு சுத்து. கணக்கு தப்பாம இருக்க மடியில புளியங்கொட்ட கட்டிக்கிட்டு, சுத்துக்கு ஒண்ணா எடுத்துப் போட்டுருவோம். முத நாள் சுத்துதப்ப எனக்கு ஒரு நெனப்பு வந்துச்சு. கொட்டைக்குப் பதிலா இங்கிலீஷ் வார்த்தைய வச்சு எண்ணுனா என்ன? எனக்கு ஏது அந்த மூள, ஆத்தாதான் போட்டா.

செல்வி படுத்தபடியே வாட்சப்ல ஒவ்வொண்ணாப் பேசி அனுப்புனா. மொதல்ல சாப்பாடு, பெறகு வழி கேக்கது, பெறகு தலையில இருந்து கால் வரைக்கும் உடம்பு. அவ வீட்டு அட்ரசுக்கு மட்டும் மூணு சுத்து. கோமதி தாயே, வாட்டர்னா தண்ணி. கோமதி தாயே, ஐ நீட் ஹெல்ப்னா எனக்கு உதவி வேணும். இப்படியே சொல்லிக்கிட்டு நடப்பேன்.

எங்க மதினி பேச்சியம்மா கூடச் சுத்துனா. அவ வாய் சும்மா இருக்காது. "ஏட்டி, அம்மனுக்குத் தமிழ் மறந்து போச்சுன்னா நீ இங்கிலீஷ்ல பேசுத?"

சுத்தி வந்த பொம்பளைக எல்லாம் சிரிச்சாக. எனக்குக் கூசிப் போச்சு. "அவளுக்கு எல்லாப் பாசையும் தெரியும் மதினி, எனக்குத்தான் தெரியல"ன்னுட்டு நடந்தேன். பத்து நாள்ல நூத்தியெட்டும் முடிஞ்சுச்சு. தபசிருந்த அம்மனுக்குச் சாமி காட்சி குடுக்க அன்னைக்குத்தான் ஆத்தாகிட்ட, சரி, நானே போறேன்னு சொன்னேன்.

புரட்டாசியில விசா வந்துச்சு. பிளைன்ல வாட்டர் ப்ளீஸ்னேன், ஒரு புள்ள சிரிச்சுக்கிட்டே கொண்டாந்து குடுத்தா. அந்தத் தண்ணி மாதிரி நான் குடிச்சதே இல்ல. அங்கன எறங்குனதும் கண்ணாடிக்குப் பின்னால இருந்த ஆபீசர் எதுக்கு வந்தன்னு கேட்டாரு. மை டாட்டர் பேபி, ஐ குக், ஐ கோ பேக்னேன். முத்திர குத்திட்டாரு.

கார்த்திகையில ஒருநாள். மாப்பிள்ள வேலைக்குப் போய்ட்டாரு. செல்விக்கு எட்டு மாசம். தல வலிக்குன்னா, கண்ணு மங்கலாத் தெரியுதுன்னா. அம்புட்டுதான், சோபாவுல இருந்து சரிஞ்சு கீழ விழுந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கு. வாயில நொர.

ஆபத்துன்னா ஒம்பத மூணு தடவ அமுக்கணும்னு மாப்பிள்ள சொல்லியிருந்தாரு. பஸ் நம்பர் பாத்த பழக்கத்துல ஒம்பது எனக்குத் தெரியும். அமுக்கிட்டேன். ஒரு பொம்பள கொரலு. எனக்கு வாய் பூட்டிக்கிடுச்சு. ஒரு வார்த்த வரல. மக பக்கத்துல உக்காந்து தாயே தாயேன்னு அழுதேன்.

எப்படி எந்திரிச்சேன்னு தெரியல. செல்விய நடுவுல விட்டு அவளச் சுத்தி நடக்கேன். கால் நடக்கவும் வாய் தொறந்துச்சு. நடந்து படிச்சதுலா, நடந்தாத்தான் வருது. ஐ நீட் ஹெல்ப். மை டாட்டர். எய்ட் மன்த் பேபி. அட்ரசு பிசகாம வந்துச்சு. தறிச்சத்தத்துல பேசிப் பழகுன வாயி, நான் கத்துன கத்துல அந்தப் பொம்பள ஓகே ஓகேங்கா.

"இஸ் ஷி ப்ரீத்திங்?"

அது எங்கயோ நடுவுல உள்ள வார்த்த. தனியா உருவ முடியல. ஹெட், ஐ, நோஸ், மவுத்துன்னு சொல்லிக்கிட்டே ஒரு சுத்து வந்தேன். ப்ரீத், மூச்சு! குனிஞ்சு நெஞ்சப் பாத்தேன், ஏறி எறங்குது.

"எஸ். ப்ரீத். எஸ்."

இழுப்பு நின்னதும் லெஃப்ட் சைட் டர்ன்னு போன்ல சொன்னா. ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். கொஞ்ச நேரத்துல ஆம்புலன்ஸ் வந்துட்டு.

அன்னைக்கே ஆபரேசன் பண்ணி புள்ளைய எடுத்தாக. பொம்பளப் புள்ள. ரெண்டு வாரம் கண்ணாடிப் பெட்டியில இருந்தா. செல்வி மறுநாளே கண்ண முழிச்சு, "எம்மா, சாப்ட்டியா?"ன்னு கேட்டா. அத நெனச்சா இப்பவும் எனக்கு அழுக வருது. பிரசர் ஏறி வந்த வலிப்பாம், இன்னும் செத்த தாமதிச்சிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்னு டாக்டர் மாப்பிள்ளகிட்ட சொன்னாராம்.

பேத்திக்குக் கோமதின்னு பேரு. பங்குனியில ஊருக்கு வந்துட்டேன். இப்ப எனக்கு எங்க போகவும் பயம் இல்ல. பேங்குல, ஆஸ்பத்திரியில, ஸ்டேசன்ல நானே கேக்கேன். தெனமும் ஒரு வார்த்த புதுசாப் படிக்கேன். மருமக சிரிக்கா, சிரிக்கட்டும்.

அம்மனை நம்புத எல்லாருக்கும் சொல்லுதேன். என்னால ஆகுமான்னு பயந்து ஒடுங்கிக் கெடக்குறவுக அவகிட்ட வந்து நில்லுங்க. என் மக பக்கத்துல ஒரு ஆள அனுப்புன்னுதான் நான் கேட்டேன். ஆத்தா என்னையவே அந்த ஆளா ஆக்கி அனுப்பி வச்சா.