பேர் வெட்டிய பிஸ்டன்கள்

கார் பிஸ்டன் நான்கையும் பாத்திரக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், அவற்றில் என் பேரை வெட்டி வாங்கி வந்தவன் உத்திரமேரூரில் நான் ஒருவன்தான். வேறு ஊர்களிலும் விசாரித்துவிட்டேன், யாரும் இல்லை.

கார் உலக யுத்தத்துக்கு முந்தியது. எஞ்சின் புகை கக்கிப் படுத்துவிட்டது. பொங்கலுக்கு மறுநாள் பழையசீவரம் மலைக்குப் பெருமாள் வருவார். அன்றைக்குத் தன்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் கார் பழைய இரும்புக்காரனுக்கு என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"தட்டத் தல பிஸ்டனே போட்டுக்கலாம் நைனா," என்றார் மெக்கானிக். "மேட்டுத் தல போட்டா கம்ப்ரஷன் ஏறிப்பூடும். நம்ம பெட்ரோலுக்கு உள்ளாற சுத்தியல் அடிக்கும்."

நான் படித்த இங்கிலீஷ் புத்தகமோ, கம்ப்ரஷன் ஏற ஏற வண்டிக்கு வலு ஏறும் என்றது. அதோடு, அவர் பெஞ்சுக்கு அடியில் பழைய தட்டைத்தலை செட் ஒன்று கிடந்ததை நான் பார்த்திருந்தேன். போன முறை புது பேட்டரியோடு அவரிடம் போன கார், வயசான பேட்டரியோடு திரும்பியதும் நினைவிருந்தது. பட்டணம் போய் மேட்டுத்தலையாகவே வாங்கி வந்தேன்.

வாங்கிய பிறகு அடுத்த சந்தேகம்: இதை மாற்றிவிட்டால்? பந்தியில் நம் வீட்டுச் சொம்பு மாறாமலிருக்க என்ன செய்கிறோம்?

"சீரா? பொண்ணு பேர் இன்னா?" என்று கேட்ட பேர் வெட்டுகிறவர், சொம்பில் வெட்டுவது போலவே வயிற்றுப் பக்கமாக, உளியால் புள்ளி புள்ளியாக என் பேரை இறக்கிக் கொடுத்தார்.

மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்தார். "இன்னா நைனா, சொரசொரன்னு கீது? சிலிண்டர கீறிப்பூடும். வுட்டுட்டுப் போங்க, வேற செட்டு போட்டுத் தரேன்."

வேற செட்டு! ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் பிஸ்டன்கள் உள்ளே போய் மேலே மூடி இறுகும்வரை எழுந்திருக்கவில்லை. வெற்றிலை எச்சிலைக்கூட விழுங்கினேன்.

பெருமாள் வரும் நாளன்று எஞ்சின் முதலில் சுத்தியல் அடித்தது. பிறகு பிறாண்டியது. பாலாறு கண்ணில் படுவதற்குள் நின்றே போனது. ஒரு மாட்டுவண்டி காரைக் கட்டி இழுத்தது. புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி அந்த மாட்டுவண்டியில் ஊர் திரும்பினாள்.

மறுநாள் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். உளி பட்டு எழும்பிய பிசிர் சிலிண்டர் சுவரை உழுதிருந்தது. சந்தேகமே இல்லை, என் பிஸ்டன்கள்தான். பாதிப் பேர் மிச்சமிருந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். இரும்புக்காரனுக்கு ஆள் அனுப்பிவிட்டு வந்து மனைவி சொன்னாள்:

"அந்தாளு மாத்தியே இருந்திருக்கலாம். சாமியயாவது பாத்துகினு வந்திருப்போம்."