நான்கு ஸ்டிரைக்கும் ஓர் அமாவாசையும்

செய்தி எழுதுகிறவனுக்கு ஆங்கிலம் சுமாராக வந்தால் போதும். ஆனால் ‘ஸ்டிரைக்’ என்ற ஒரு வார்த்தையோடு ஆயுசுக்கும் குடித்தனம் நடத்தத் தெரிய வேண்டும். ஊருக்கு ஒருவராக உட்கார்ந்து செய்தி அனுப்பும் சக நிருபர்களுக்கு இது புரியும்.

எல்லாம் ஒன்றுதான்

கண்ணமங்கலத்தில் பஸ் ஓடவில்லை என்றால் வேலைநிறுத்தம் என்று எழுதுவேன். போளூரில் கடைகளை மூடினால் கடையடைப்பு. பிள்ளைகள் குடிதண்ணீர் கேட்டுப் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தால் வகுப்புப் புறக்கணிப்பு. ஆரணியிலிருந்து நான் இப்படிப் பிரித்து அனுப்பியதையெல்லாம் வேலூர் அலுவலகத்தில் உதவி ஆசிரியர் செல்வம் ஸ்டிரைக் ஆக்கிவிடுவார். கோபித்துக்கொள்ள முடியாத மனிதர். கேட்டால் சிரிப்பார்.

“அண்ணே, உங்க வார்த்தைங்க நல்லாதான் இருக்கு. தலைப்புல அதுங்களுக்கு உக்கார எடம் இல்ல.”

ஆகவும் வேண்டும், பண்ணவும் வேண்டும்

ஒருநாள் “முதல் வரி ஸ்டிரைக் ஆகலியே அண்ணே” என்றார். மனதில் தைக்கவில்லையாம். வேறு எழுதினேன். “இப்ப ஓகே. ரெண்டாவது பாராவை ஸ்டிரைக் பண்ணிட்டேன்” என்றார். அடித்து நீக்கிவிட்டாராம். அந்தப் பாராவுக்காகத்தான் வந்தவாசி வரை போய் வந்திருந்தேன். இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு எழுத வருகிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து நின்றாள்.

“காலைலேர்ந்து ஸ்டிரைக் ஸ்டிரைக்னு பேசிகினு இருக்கீங்க. மோட்டார் ஓடல, அது இன்னா ஸ்டிரைக்னு பாருங்க.”

ஆளில்லாத தறி

சரிகை விலை குறையாவிட்டால் ஸ்டிரைக் பற்றி யோசிப்போம் என்று நெசவாளர்கள் சொன்னார்கள். அதை எழுதி, அவர்களில் ஒருவரான குமரேசன் வீட்டுத் தறியைப் படமெடுத்து அனுப்பினேன். அன்று அமாவாசை. அமாவாசையில் இங்கே யாரும் தறியில் உட்காருவதில்லை. ஆளில்லாத தறியைப் பார்த்தால் ஆரணிக்காரனுக்கு விடுமுறை என்றுதான் தோன்றும். செல்வத்துக்கு அப்படித் தோன்றவில்லை. ‘ஆரணியில் ஸ்டிரைக்: தறிகள் நின்றன’ என்று மறுநாள் காலை வந்தது. உடனே குமரேசன் போன் செய்தார்.

“சார், கல்யாணப் புடவைக்கு ஆர்டர் குடுத்த மெட்ராஸ் கடைக்காரர் பேப்பரைப் பாத்துட்டு வேற ஊருக்கு மாத்தறேன்றாரு. இந்த சீசனுக்கு எங்களுக்கு அது ஒண்ணுதான். ஜல்தியா வாங்க.”

சாட்சி

மறுப்புச் செய்தி அடுத்த நாள்தான் வரும். அதுவரை கடைக்காரர் பொறுக்கமாட்டார். குமரேசன் வீட்டுக்குப் போய், போனில் அவரிடம் நானே விளக்கினேன். “நீங்கதானே எழுதினீங்க? இப்ப நீங்களே இல்லைன்றீங்க. எதை நம்பறது?” என்றார். நானும் என்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குமரேசனின் மனைவி தறியில் உட்கார்ந்து நெய்வதைப் படமெடுத்து அனுப்பினோம். “என்னிக்கு எடுத்ததோ” என்றார் கடைக்காரர். குமரேசன் என் கையிலிருந்த அன்றைய பேப்பரை வாங்கி, ஸ்டிரைக் செய்தி வந்த பக்கத்தை மனைவியின் அருகில் விரித்துப் பிடித்து மறுபடியும் ஒரு படம் எடுத்தார். அனுப்பிவிட்டு மூவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைக்காரர் கூப்பிட்டார்.

“பேப்பர்ல தேதியாவது கரெக்டா போட்டிருக்காங்க. சரி, நெய்யுங்க.”

என் செய்தி வரும் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற வரி அந்தத் தேதி ஒன்றுதான், அதையும் நான் எழுதுவதில்லை.