டாக்டரம்மா மேடையில் சொன்ன பொய்

காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து டாக்டர் பிலோமினா அவர்களின் தங்கை தொலைபேசியில் பேசினார். "கம்பவுண்டரண்ணே, அக்கா போயிட்டாங்க. விடியக்காலம் காபி கேட்டாங்க. கொண்டாறதுக்குள்ள..." அடுத்த நாள் மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்பதைத் தங்கையின் கணவர் போனை வாங்கிச் சொன்னார்.

நான் செம்மண்டலத்துக் கிளினிக்கைத் திறக்கப் போனபோது மருத்துவர்களின் இரங்கல் குறிப்பு ஒன்று கதவில் ஒட்டப்பட்டிருந்தது. 'தம்முடைய தவறை மாநாட்டு மேடையில் தாமே ஒப்புக்கொண்ட நேர்மையாளர்' என்று அதில் ஒரு வரி. நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வரி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவர் டாக்டரம்மாவேதான். அவரிடம் நான் கண்ட ஒரே பொய்யும் அதுதான். அதைத் திருத்த ஏழு ஆண்டுகளாக எனக்கு அனுமதி கொடுக்கவில்லை. இப்போது தடுக்க அவர் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மருந்துப் பெயர்களைப் பெட்டிகளின் மேலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். எந்த மருந்து எதற்கு, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்தே கற்றேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கேட்டது ஒரு கேள்விதான். "தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுவீங்களா?" சொல்லுவேன் என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை என்பதைப் பின்னால் படிப்பீர்கள்.

மாநாடுகள் என்றால் அவருக்கு உயிர். புதுச்சேரியோ சிதம்பரமோ, எங்கே மருத்துவர்கள் கூடிப் பேசினாலும் பஸ் ஏறிவிடுவார். திரும்பி வந்ததும் நோயாளிகள் வருமுன் மருந்து அட்டையின் பின்பக்கத்தில் படம் வரைந்து, யார் என்ன சொன்னார்கள், எது சந்தேகம் என்று எனக்கு விளக்குவார். "நாலு டாக்டருங்க முன்னாடி சொல்லி, அவுங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லாத வைத்தியம் பாதி வைத்தியம் கம்பவுண்டரே" என்பார். இன்னொன்றும் சொல்லுவார்: "மருந்து எழுதறது சுலபம். எப்ப நிறுத்தணும்னு சொல்றதுதான் டாக்டர் வேலை."

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. சேறும் கடல்நீரும் நெஞ்சுக்குள் போனவர்கள் தேவனாம்பட்டினத்திலிருந்து எங்களிடம் வரத் தொடங்கினார்கள். முதலில் காய்ச்சல், பிறகு விடாத இருமல், சிலருக்கு நுரையீரலில் சீழ். டாக்டரம்மா ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டு ஒன்று போடச் சொன்னார். நோட்டை எழுதியது நான். அவர் நிவாரண முகாமுக்குப் போகும் நாட்களில், திரும்ப வருகிறவர்களுக்கு வெப்பமானி வைத்து, இருமலை விசாரித்து, அவர் முன்னமே குறித்துவைத்தபடி மருந்தைத் தொடரவோ நிறுத்தவோ செய்தவனும் நான்தான். பட்டமில்லாதவன் செய்யக்கூடாத வேலை. அந்த நாட்களில் வேறு வழி இருக்கவில்லை.

ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நோயாளிக்கு வர முடியாவிட்டால் வீட்டில் வேறொருவர் அவருடைய மருந்துச் சீட்டை எடுத்து வருவார். பெயர் கூப்பிட்டால் எழுந்து வந்து உட்காருவார். இருமல் எப்படி என்று கேட்டால் "பரவால்ல" என்பார். இருமல் ஜாஸ்தி என்று சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவார்கள் என்ற பயம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன். அந்த மாதங்களில் தேவனாம்பட்டினத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி நிவாரணச் சேலையில் வந்தார்கள். நீலத்தில் வெள்ளைக் கரை. செல்வி என்று கூப்பிட்டேன். நீலச் சேலை ஒன்று வந்து உட்கார்ந்தது. வெப்பமானி வைத்தேன். காய்ச்சல் இல்லை. "இருமல்?" "பரவால்லண்ணே." மருந்து போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, செல்வியின் பக்கத்தில் 'குணம்' என்று எழுதிக் கோடு போட்டேன்.

அந்த நோட்டிலிருந்துதான் டாக்டரம்மா கட்டுரை தயாரித்தார். காய்ச்சல் விட்டு இருமல் குறைந்தால் இரண்டு வாரத்திலேயே மருந்தை நிறுத்தலாம் என்பது அவர் கண்ட முடிவு. சுனாமிக்கு அடுத்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன் சிதம்பரத்தில் நடந்த மாநாட்டில் அதைப் படிக்க அழைத்திருந்தார்கள்.

அன்று காலை எக்ஸ்ரே படங்களையும், திரையில் காட்டும் ஓ.எச்.பி. தாள்களையும் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் நிலையத்தில் அவரோடு நின்றிருந்தேன். தூக்குவாளியோடு ஒரு பெண் எதிரே வந்தாள். முகம் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

"செல்வி, எப்படிம்மா இருக்கே?"

"நான் அஞ்சலைண்ணே. செல்வி எங்க அண்ணி."

"நீதானம்மா அன்னைக்கு வந்தே?"

"ஆமா, நான்தான் வந்தேன். அது எறா உரிக்கற கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்திச்சி. ஒரு நாள் போவலன்னாலும் வேற ஆள வச்சிக்குவாங்க." தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டாள். "இப்ப பெரியாஸ்பத்திரில கெடக்குது. நெஞ்சுல சீழாம். மூச்சு வுட முடியல. கஞ்சி எடுத்துகினு போறேன்."

டாக்டரம்மா அங்கேயே கைப்பேசியை எடுத்து, அரசு மருத்துவமனையில் தமக்குத் தெரிந்த மருத்துவரைக் கூப்பிட்டார். என்ன மருந்து போகிறது என்று கேட்டார். மாற்றச் சொன்னார். மாலையில் வந்து பார்க்கிறேன் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

பஸ்ஸில் நான் வாதாடினேன். வாதாடியதை மறைக்க மாட்டேன்.

"நான் வச்ச தெர்மாமீட்டர் பொய் சொல்லல டாக்டரம்மா. காய்ச்சல் இல்லாதது நெசம்."

"யாருக்கு இல்ல?"

நான் விடவில்லை. "ஒரு ஆளுதான். அந்த ஒரு வரிய எடுத்துடுங்க. மத்தவங்க எல்லாம் சரியாத்தானே இருக்காங்க?"

"மத்தவங்கள்ல எத்தன பேருக்கு நாத்தனா வந்தா, எத்தன பேருக்கு மாமியா வந்தாங்க, சொல்லுங்க."

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அந்த ஹால்ல இருக்கறவங்க நம்மள நம்பி நாளைக்கே மருந்த நிறுத்துவாங்க கம்பவுண்டரே. ஊருக்கு ஒரு செல்வி ஆயிடும்."

"அப்ப மேடையில நான் வந்து சொல்றேன். எழுதுனவன் நான்."

"நீங்க எதுவும் சொல்ல வேணாம்." பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, முடிவு எழுதியிருந்த தாளில் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். பஸ் குலுங்கியதில் கோடு வளைந்தது.

அரங்கத்து வாசலில் பெயர் பதிகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டிரைவருங்க எல்லாம் வெளிய உக்காருங்க. டீ வரும்" என்றார். நாங்கள் பஸ்ஸில் வந்ததை அவரிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா, "இவரு என்னோட வேலை செய்யறவரு, உள்ளதான் உக்காருவாரு" என்று சொல்லிவிட்டு நடந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லார் கழுத்திலும் அட்டை தொங்கியது. எனக்கு இல்லை. அந்த மனக்குறை இன்றும் இருக்கிறது. ஆனால் அன்று அதை நினைக்க நேரமில்லை.

அவர் முறை வந்தது. எக்ஸ்ரேக்களைக் காட்டினார். கோடு இழுத்த தாளைத் திரையில் வைத்தார். அரங்கம் சலசலத்தது. "இத எழுதும்போது உண்மைன்னு நம்பினேன். இன்னைக்குக் காலைல இல்லன்னு தெரிஞ்சுது. குணமாச்சுன்னு நாங்க எழுதின ஒரு பொண்ணு இப்ப ஆஸ்பத்திரில இருக்கா. அன்னைக்கு எங்ககிட்ட வந்தது அவ இல்ல. மத்தவங்களையும் நான் நேர்ல போயிப் பாக்காம எதுவும் சொல்லமாட்டேன். இந்த முடிவ யாரும் எடுத்துக்காதீங்க. ஏற்கெனவே நிறுத்தியிருந்தா, திரும்பக் கூப்பிட்டுப் பாருங்க."

முன்வரிசையில் மூத்த மருத்துவர் ஒருவர் எழுந்தார். "அன்னைக்குப் பேஷண்ட்ட செக் பண்ணது யாரு மேடம்?"

நான் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். டாக்டரம்மாவின் பார்வை அத்தனை தலைகளையும் தாண்டி நேரே என்னிடம் வந்தது.

"நான்தான்" என்றார்.

"ஆள் மாறி வந்ததே தெரியல. மருந்த எப்ப நிறுத்தறதுன்னு எங்களுக்குச் சொல்லித்தர வந்துட்டீங்க."

சிரித்தார்கள். தலைவர் மணி அடித்தார். நான் உட்கார்ந்தேன். அவர் பார்வைக்குப் பணிந்து உட்கார்ந்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. பயத்தில் உட்கார்ந்தேன்.

தேநீர் நேரத்தில் யாரும் அவர் பக்கம் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் ஒருவர், நடுத்தர வயது, தயங்கித் தயங்கி வந்தார். "நானும் சில பேருக்கு இதே மாதிரி நிறுத்திட்டேன் மேடம். என்ன பண்ணட்டும்?" டாக்டரம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவருடைய கையேட்டிலேயே மருந்தும் அளவும் எழுதிக்கொடுத்தார். "ஆள நேர்ல பாருங்க. சீட்டப் பாக்காதீங்க." அதற்காகத்தான் அவர் சிதம்பரம் வந்தார் என்று எனக்குத் தோன்றியது.

செல்வி பிழைக்கவில்லை. டாக்டரம்மா தினமும் போய்ப் பார்த்தார். மருந்து தாமதமாகிவிட்டது.

டாக்டரம்மா மருந்தை நிறுத்தியதால்தான் செல்வி போனாள் என்று தேவனாம்பட்டினத்தில் பேச்சு பரவியது. செல்வியின் கணவன் கிளினிக் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினான். அவர் உள்ளே போகாமல் கடைசி வரை நின்று கேட்டார். அந்த ஊரார் வருவது நின்றது. பிறகு வந்த மாநாடுகளிலும் அவர் அந்த ஒரு நோயாளியைப் பற்றித்தான் பேசினார். "பிலோமினாவா? தோத்த கேஸ்தான் கொண்டாருவாங்க" என்று கேலி செய்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் கேட்டேன்: "என் பேரச் சொல்லுங்க." ஒவ்வொரு முறையும் ஒரே பதில். "என்னைத் திட்டுவாங்க, அவ்வளவுதான். பட்டமில்லாத உங்கள விடமாட்டாங்க." ஒருநாள் கோபத்தில் சொன்னேன்: "எனக்கு யாரும் பாவம் பாக்க வேணாம்." அவர் சிரிக்காமல் சொன்னார்: "உங்களுக்கு மட்டும்னு யாரு சொன்னா?"

அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரங்கல் குறிப்பைப் படித்த அன்று நேரே தேவனாம்பட்டினத்துக்குப் போனேன். அஞ்சலை வலைக்கருகில் உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "டாக்டரம்மா இறந்துட்டாங்க. அன்னைக்கு மருந்த நிறுத்தினது அவங்க இல்ல. நான். அவங்க கிளினிக்லயே இல்ல."

அவள் நிமிரவில்லை. "தெரியும்ண்ணே. உங்க எதிர்லதான உக்காந்திருந்தேன்."

"அப்புறம் ஏன் ஒங்க அண்ணன்கிட்ட சொல்லல?"

"சொன்னா, 'நீ ஏன் அவ சீட்ட எடுத்துகினு போனே, ஏன் பரவால்லன்னு சொன்னே'ன்னு என்னைத்தான் வெட்டியிருப்பான். டாக்டரம்மா ஆஸ்பத்திரியில என்னைத் தனியாக் கூப்ட்டாங்க. 'நீ வாயே தெறக்காத. யாராச்சும் கேட்டா, செல்விதான் போனா, டாக்டரம்மாதான் பாத்து நிறுத்தச் சொன்னாங்கன்னு சொல்லு'ன்னாங்க." கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டாள். "அன்னையிலேருந்து அந்தம்மா எதிர்ல வந்தா தெரு மாறிப் போயிடுவேன்."

'உங்களுக்கு மட்டும்னு யாரு சொன்னா' என்று டாக்டரம்மா கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் எழுந்து கை கழுவினாள். "எங்கண்ணன் கட்டுமரத்தாண்ட இருக்கான். வாங்க, சொல்லிடலாம். ரெண்டு பேருமா சொல்லலாம்."

சொன்னோம். அவன் எங்களை அடிக்கவில்லை. கட்டுமரத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினான். பிறகு, "அடக்கம் எத்தன மணிக்கு?" என்றான்.

மறுநாள் மாலை மேல்பட்டாம்பாக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் மலர்வளையம் வைத்த மருத்துவர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். நாங்கள் மூவரும் மறுபக்கம் நின்றோம். செல்வியின் கணவன் முதலில் குனிந்தான். முன்பு தூற்றிய அதே கையால் ஒரு பிடி மண் எடுத்து, சத்தம் வராமல் மெதுவாகப் பெட்டியின் மேல் விட்டான். அடுத்து அஞ்சலை. அதற்குப் பின் நான்.

டாக்டரம்மா, உங்கள் பேச்சை மீறுகிறேன். அன்று நோயாளியைப் பார்த்தவன் நான். கோடு போட்டவன் நான். இதைப் படித்துவிட்டு யார் என்னைக் கூப்பிட்டாலும் போய் நிற்பேன். அந்தப் பழி இனி உங்களுடையது அல்ல. நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.