சஹனின் அங்கால் பக்கம்

இந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். பஸ்ஸில் தோளோடு தோள் பட்டவர் கேட்கிறார். நான் வேலை செய்யும் பேக்கரியில், கழுவிவிட்ட நிலத்தில் சப்பாத்தோடு நடக்கிறவரும் கேட்கிறார். நேரம் விசாரிக்க முன்னும் தும்மிய பின்னும் ‘என்ட்ஷுல்டிகுங்’. ஜேர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு கிழவியின் சாமான் வண்டில் சில்லு என் காலில் ஏறி இறங்கியது. அவர் நெஞ்சில் கைவைத்து அந்தச் சொல்லைச் சொன்னார். எனக்கு அப்போது தெரிந்த ஒரே சொல் ‘டங்கெ’. நன்றி என்றேன். என் முகத்தை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அப்படி யாராவது கேட்டால் ‘நிஷ்ட்ஸ் பஸ்ஸியர்ட்’ என்று சொல்ல வேண்டுமாம். அகதி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஏறாவூர்ப் பெடியன் சொல்லித் தந்தான். ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். ஆறு வருடமாகச் சொல்லிவருகிறேன். சொல்லும்போதெல்லாம் வாய் ஒரு நொடி தயங்குகிறது. ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், எங்களிடம் இந்தப் பழக்கம் இல்லை. பிழை விட்டவன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வருவான். மழையைப் பற்றிக் கதைப்பான், தேத்தண்ணி குடிப்பான், போய்விடுவான். நான் என் ஆயுளில் விட்ட பெரிய பிழைக்கு அந்த வாழைப்பழத்தைக்கூடக் கொண்டுபோகவில்லை.

புயல் அடித்துத் தென்னைகள் விழுந்ததற்கு அடுத்த வருடம். எனக்கு இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு காரைதீவில் பள்ளியை விட்டவன். சாய்ந்தமருதில் கரைவலை இழுத்தேன். மருதமுனையில் தறியில் நாற்பது நாள் இருந்தேன், முதுகு தாங்கவில்லை. ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவனுக்கு ஓடுகிற வேலை சரிவரும் என்று டிரக்டர் ஓட்டப் பழகினேன். சம்மாந்துறையில் மீராலெவ்வைப் போடியாரிடம் வேலை கிடைத்தது. வீரமுனைக்கு அங்கால் அவருக்குப் பெரிய வயல் இருந்தது. பெரும்போக வெட்டு முடிந்து, களத்தில் கதிரைப் பரப்பி, அதன்மேல் டிரக்டரைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நெல்லைப் பிரிப்போம். பின்னால் ஒருவர் கம்பால் வைக்கோலைக் கிளறிவிடுவார். அந்த வேலைக்கு வந்தவர் சூசையண்ணன். கல்முனையிலிருந்து சைக்கிளில் வருவார். கழுத்தில் கறுத்த நூலில் ஒரு சின்னச் சிலுவை. நாற்பது வயதிருக்கும். எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் வேதக்காரர்.

களத்துக்கென்று சில சட்டங்கள் உண்டு. செருப்போடு ஏறக்கூடாது. நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும். ‘போதும்’, ‘முடிஞ்சுது’, ‘நிப்பாட்டு’ என்ற சொற்களை வாயில் எடுக்கக்கூடாது, எடுத்தால் பொலி குறைந்துபோகும். இதில் தமிழர், முஸ்லிம் என்ற பேதம் இல்லை. அதனால் எங்கள் களத்தில், டிரக்டரைப் பின்னுக்கு எடுக்கலாம் என்றால் பின்னால் நிற்பவர் ‘கூ’ என்று ஒருதரம் கூவுவார். நிறுத்த வேண்டும் என்றால் கையைத் தட்டுவார். கூவல் வராமல் எடுக்கக்கூடாது.

அன்று பின்னேரம் மற்றவர்கள் மருதமரத்துக்குக் கீழே தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். கடைசிச் சுற்றை முடித்துவிட்டுக் கல்முனைக்குப் படம் பார்க்கப் போகும் எண்ணம் எனக்கு. கூவல் வரவில்லை. நான் பின்னுக்கு எடுத்தேன். அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை. அவர் கை தட்டினாராம். எஞ்சின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. பெரிய சில்லு ஏறிய பிறகு எழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

போடியார் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “அல்லாஹ்! என்னடா மகன் செஞ்ச? கூவினானா?”

“ஓம் போடியார், கூவினார். மறுகாதான் எடுத்தன்.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது. ஆனால் வந்த பிறகு அதை நான் திரும்ப எடுக்கவில்லை. மற்றவர்கள் அந்தப் பொய்க்குக் கைகால் வைத்தார்கள். வேதக்காரன்தானே, சாராயம் குடித்துவிட்டு வந்திருப்பான், கூவிவிட்டு அங்கேயே நின்றிருப்பான் என்றார்கள். இரண்டு நாளில் சம்மாந்துறை முழுவதும் அதுதான் கதை.

சூசையண்ணனின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேறு நல்ல நோக்கம் இருக்கவில்லை. அவர் சத்தம் போடாமல் வலியைத் தாங்கிய மனிதர் என்று எழுதினால் அது பொய். புண்ணுக்கு மருந்து கட்டும்போது வாட்டு அதிரக் கத்துவார். மருந்து கட்டுகிறவரின் தாயையும் தகப்பனையும் இழுத்துத் தூஷணத்தால் பேசுவார். பிறகு வேர்வை காயாமல், “கோவிக்காதீங்க ஐயா, வலி வந்தா வாய் எனக்குச் சொல்வழி கேக்குதில்ல” என்று அதே மனிதரின் கையைப் பிடித்துக்கொள்வார். மருந்து கட்டுகிறவர் சிரிப்பார். “நாளைக்கும் பேசத்தானே போறீங்க அண்ணன், சேத்துக் கேளுங்க.” சூசையண்ணனின் மனைவி திரேசக்கா நான் கொண்டுபோன பாணை வாங்கி, என் பக்கமே திருப்பி நீட்டினார். “நீங்களே தின்னுங்க தம்பி. கால் ரெண்டும் இருக்கிற ஆக்களுக்குத்தான் நல்லாப் பசிக்கும்.” அவருக்கு உண்மை தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

ஒருநாள் நான் இருக்கும்போதே போடியார் வந்தார். கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு நேராகக் கேட்டார். “சூசை, நீ கூவினியா?”

இல்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் என் வேலை போகும், பொலிஸ் வரும், காரைதீவில் தலைகாட்ட முடியாது. சூசையண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“இனி அதக் கதைச்சு என்ன போடியார்? கதைச்சாக் கால் முளைக்குமா?”

“நிப்பாட்டு எண்டு ஒரு சத்தம் வெச்சிருக்கலாமே.”

“களத்தில அந்தச் சொல்லச் சொல்லலாமா? உங்கட பொலியெல்லோ.”

போடியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் தோளில் தட்டி, “பாவம், தன்ட பிழைய ஒத்துக்கொள்ள வெட்கப்படுறான்” என்றார். நான் தலையாட்டினேன். தப்பிவிட்டேன் என்ற நிம்மதியோடு கல்முனைச் சந்தியில் ஒரு பிளேன்டீ குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் போடியார் வீட்டில் கந்தூரி. முஸ்லிம் வீட்டு விருந்தில் பாய் விரித்து, ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டாகச் சோறு வைப்பார்கள். அதுதான் சஹன். எல்லோரும் சேர்ந்து கை வைக்க வேண்டும். ஆறு பேரும் தின்று முடியும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது. இறைச்சித் துண்டைத் தன் பக்கத்திலிருந்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது அன்பு. மற்ற வருடங்களில் எங்களுக்குத் தனிப் பீங்கானில் தருவார்கள். அந்த வருடம் வேலைக்காரர் எல்லோருக்கும் சஹன் என்று சொல்லி, எங்களுக்காகவே மாட்டிறைச்சிக்குப் பதிலாக ஆட்டிறைச்சி ஆக்கியிருந்தார் போடியார்.

நான் ஒரு சஹனில் இருந்தேன். “பாத்து இரு ட்ரைவர், பின்னுக்கு வந்து ஆரையும் இடிச்சிடாத” என்று எங்களோடு களத்தில் வேலை செய்த சுலைமான் காக்கா பகிடி விட்டார். சிரிப்பு அடங்கமுன் வாசலில் கட்டைத்தடிச் சத்தம் கேட்டது. சூசையண்ணன். எங்கும் இடம் இருந்தது. அவர் நேரே வந்து, தடியைச் சுவரில் சாய்த்து, ஒருவரின் தோளைப் பிடித்து மெல்ல இறங்கி, எனக்கு நேரே அமர்ந்தார்.

அல்லாஹ்வின் பேரால் என்று பிஸ்மி சொல்லி ஐந்து கைகள் சோற்றில் இறங்கின. என் கை இறங்கவில்லை. “கை வையன்டா, சோறு ஆறுது” என்றார் சுலைமான் காக்கா. சூசையண்ணன் தன் முன்னால் இருந்த நல்ல துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். முன்னால் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

“நான் கூவல்ல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். உன்ன மன்னிச்சு ரெண்டு மாசம் ஆகுது. நீதான் இன்னும் வந்து எடுக்கல்ல. தின்னு.”

நான் எழும்பினேன். சஹனில் இருந்து இடையில் எழும்புவது அந்த வீட்டை அவமதிப்பது. ஐந்து பேரும் வாயில் வைத்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார்கள். “போடியார், சூசையண்ணன் கூவல்ல. குடிக்கவும் இல்ல. நான்தான் கூவல் வராமல் எடுத்தன். பொய் சொன்னன்.”

போடியார் கறிச்சட்டியோடு நின்றார். அவர் முகம் கறுத்தது. ஆனால் வந்த சொல் இதுதான்: “சோத்துல இருந்து எழும்பாத. இரு. தின்னு முடி. மறுகா கதைப்பம்.”

இருந்து தின்றேன். கண்ணீரும் மூக்குச்சளியும் சோற்றில் விழுந்தன. அதே சஹனில் இருந்து மற்ற ஐந்து பேரும் தின்றார்கள். ஒருவரும் கையை எடுக்கவில்லை. பிறகு போடியார் முற்றத்தில் கையை நீட்டினார். “சாவியத் தா மகன்.” கொடுத்தேன். என்னைப் பொலிசில் கொடுக்க வேண்டாம் என்று சூசையண்ணன் கேட்டாராம். நெல்லு மில்லில் குந்தியிருந்து பார்க்கும் வேலையைப் போடியார் அவருக்குக் கொடுத்தார்.

என்னை மன்னிக்க எப்படி முடிந்தது என்று ஒருநாள் சூசையண்ணனிடமே கேட்டேன். “முடிஞ்சுது எண்டு ஆர் சொன்ன?” என்று எரிந்து விழுந்தார். “விடியக்க எழும்பி, இல்லாத காலக் கீழ வெக்கப் பாப்பன். உடன உன்னில கோபம் வரும். மறுகா ஜெபம் பண்ணுவன். நாளைக்கும் அதேதான்.” அடுத்த ஞாயிறு நான் கல்முனை வேதக் கோவில் வாசலில் நின்றேன். உள்ளே போக எனக்கு ஏழு ஞாயிறு பிடித்தது. பிரசங்கம் அரைவாசி விளங்கவில்லை. ஆணியில் தொங்கும் ஒருவர் தன்னைத் தொங்கவிட்டவர்களுக்காக மன்னிப்புக் கேட்கிறார் என்ற பகுதி மட்டும் விளங்கியது, ஏனென்றால் அதை நான் பார்த்திருந்தேன். ஞானஸ்நானம் எடுத்த அன்று அம்மா, “எந்தக் கோயிலுக்கெண்டாலும் போ, சோத்துக்கு வீட்ட வா” என்றார். அந்தக் கோவிலுக்கு இரண்டு வருடம் போனேன். பிறகு நாடு கெட்டது, நான் வெளிக்கிட்டேன்.

இங்கே கோவில் பெரியது, கல்லால் ஆனது, உள்ளே ஏழெட்டுக் கிழவிகள். பாதிரியார் நல்லவர். நீ எப்படி கிறிஸ்தவன் ஆனாய் என்று கேட்டார். டிரக்டர், கால், முஸ்லிம் வீடு, ஒரே தட்டு, சோறு என்று தெரிந்த சொற்களை அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய், எனக்குப் பசிக்கிறது என்று எண்ணி ஒரு கோப்பை சூப் ஊற்றித் தந்தார். குடித்தேன். அவர் எதிரே நின்று நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோப்பை, ஒரு கரண்டி.

ஒன்றும் நடக்கவில்லை என்று இந்த ஊர் சொல்லச் சொல்கிறது. நடந்தது என்று சொல்லித்தான் எனக்கு மன்னிப்புக் கிடைத்தது. இதை எந்த மொழியில் இவர்களுக்குச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலால் வந்து சோறும் இறைச்சியும் சமைப்பேன். ஏறாவூர்ப் பெடியன் வேறு நகரத்துக்குப் போய்விட்டான். யன்னலுக்கு வெளியே பனி. பீங்கானுக்கு முன்னால் இருந்து செபம் சொல்லிக் கை வைப்பேன். நல்ல துண்டு தெரிந்தால் என் விரல் தானாக அதை அங்கால் பக்கம் தள்ளிவிடும். மற்றதையெல்லாம் தின்று முடித்த பிறகும் அந்தத் துண்டு அங்கேயே இருக்கும். எழும்ப மனம் வராமல், சோறு காய்ந்த கையோடு நான் இங்கால் பக்கத்தில் இருப்பேன்.