குளத்தில் இருந்தது விரால் அல்ல

வீடு கட்டியபோது மனையை மேடாக்க மண் தேவைப்பட்டது. பின்பக்கமே தோண்டிக்கொள்ளலாம் என்றார் கொத்தனார். அப்படித் தோண்டிய இடம் அடுத்த மழையில் நிறைந்துவிட்டது. என் கணவர் அதைப் பள்ளம் என்றார். நான் குளம் என்றேன்.

அண்ணாமலை நகருக்குத் தெற்கே, ஒரு வாய்க்காலை ஒட்டிய மனை எங்களுடையது. நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் இருபது வருடமாக விலங்கியல் எடுக்கிறேன். கடலூரில் மாடி வீட்டில் வளர்ந்தவளுக்குத் தோட்டம் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. கத்திரியும் வெண்டையும் போட்டேன். குளத்தில் அல்லி விட்டேன், நாலைந்து விரால் குஞ்சுகள் விட்டேன். தோட்டத்துக்கு வருகிற விருந்தாளிகளையெல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டும் போட்டேன். மீன்கொத்தி, மடையான், செம்போத்து, கீரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விலங்கியல் பெயர். அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த மனையில் ஓர் அக்கா இருந்தார். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பயிர் செய்கிற குடும்பம். அவர் வளர்த்த பத்துப் பன்னிரண்டு வாத்துகள் பகலெல்லாம் என் குளத்தில்தான் நீந்தும். அவற்றையும் நோட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் இரண்டு நாள் குழம்பியிருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு, ஐப்பசி மழையில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. வாய்க்கால் கரை தாண்டி, இரண்டு நாள் எங்கள் தோட்டமும் குளமும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகு அக்காவின் வாத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

அவர் வந்து சொன்னதும் நான் ஆராயக் கிளம்பினேன். வாத்துக் கூண்டைச் சுற்றி வந்து, குனிந்து, ஈர மண்ணைப் பார்த்து, தீர்ப்புச் சொன்னேன். கீரி.

"பகல்லதான டீச்சர் காணாமப் போவுது? கூண்டுல அடைச்சப்புறம் ஒண்ணும் ஆவலியே" என்றார் அக்கா.

"கீரி பகல்லதான் அக்கா நடமாடும்" என்று தொடங்கி, கீரியின் பல் அமைப்பு வரைக்கும் கால் மணி நேரம் பேசினேன். கீரி பகலில் நடமாடும் என்பது உண்மைதான். நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. பாவம், அவர் என் பேச்சை நம்பிக் கூண்டைச் சுற்றிக் கம்பி வலை கட்டினார். மறுநாள் இன்னொரு வாத்து போயிற்று.

இதற்கிடையில் எனக்கு வேறொரு பெருமை. தினமும் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும், குளத்தில் இறங்கப் போட்டிருந்த செங்கல் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, மீன்களுக்குச் சோறு போடுவேன். சில நாட்களாக நடுக்குளத்தில் தண்ணீர் பெரிதாகச் சுழித்தது. விரால் முழங்கை நீளம் வளர்ந்துவிட்டது என்று ஆசிரியர்கள் அறையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"கொழம்பு வெக்கற சைஸ் வந்துடுச்சா?" என்று கணவர் கேட்டார். அன்று இரவு வெறும் ரசம்தான் வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை. பல நாள் மழைக்குப் பிறகு நல்ல வெயில் அடித்தது. நான் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கூப்பிட்டார்.

"டீச்சர், உங்க கொளத்தாண்ட மொதல கெடக்குது."

கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"உடும்பா இருக்கும் அக்கா. இந்தப் பக்கம் ஜாஸ்தி. வெயில் காய ஏறியிருக்கும்" என்றேன், நிமிராமல்.

"உடும்பு எனக்குத் தெரியாதா? இது மொதல டீச்சர்."

படம் எடுத்துக் காட்டினால்தான் இவர் நம்புவார் என்று போனை எடுத்துக்கொண்டு நடந்தேன். பத்தடி தூரத்தில் நின்று திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வாலில் ரம்பம்போல இரண்டு வரிசை. மூடிய வாய்க்கு வெளியே பற்கள். பிறகு அந்த வாய் திறந்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, துணி துவைக்கிற கல்லின் மேல் நான் நின்றுகொண்டிருந்தது. இடுப்பு உயரக் கல். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. ஒரு செருப்பு வெண்டைப் பாத்தியில் கிடந்தது.

கணவர் பல் தேய்த்தபடி பின்கதவைத் திறந்தார். "மேல ஏறி என்ன பண்ற?"

கையை நீட்டிக் காட்டினேன். அவர் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போன் எடுக்கத்தான் போனேன் என்று பிறகு சொன்னார். போன் எடுக்கப் போகிறவர் தாழ்ப்பாள் எதற்குப் போடவேண்டும் என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் வனத்துறைக்குப் போன் செய்தவர் அக்காதான். மீதமிருந்த வாத்துகளைக் கோலால் ஓட்டிக் கூண்டில் அடைத்துவிட்டு, வேலியோரம் வந்து நின்றார்.

"எறங்கி மெதுவா வூட்டுக்குள்ள போங்க டீச்சர். அது அதும்பாட்டுக்கு வெயில் காயுது."

"அவுங்க வரட்டும் அக்கா. நான் இங்கருந்தே பாத்துக்கறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வதாக நினைத்தேனோ.

வனத்துறையிலிருந்து மூன்று பேர், கயிறும் சாக்குமாக வந்தார்கள். அதில் ஒரு பெண். என்னைக் கல்லின் மேல் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"மிஸ், நல்லா இருக்கீங்களா?"

இருபது வருடம் ஒரே ஊரில் பாடம் எடுத்தால் இதுதான் நடக்கும். இங்கே கரண்டு பார்க்க வருபவரும் ஊசி போடுபவரும் என்னிடம் படித்தவர்கள்தான். நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

சுருக்குப் போட்டு, ஈரச் சாக்கால் கண்ணை மூடி, வாயைக் கட்டி, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ஐந்தடி முதலை. கொள்ளிடத்திலிருந்து ஊருக்குள் வந்துவிடுகிற முதலைகளை வழக்கமாக விடுகிற வக்காரமாரி ஏரியில் இதையும் விடப்போவதாகச் சொன்னார்கள். அதன் பிறகே நான் இறங்கினேன்.

"மொதலைக்கு இதயத்துல மூணு அறைன்னு எழுதிட்டேன்னு ஒரு மார்க் கொறைச்சீங்க மிஸ். அதுலேருந்து நாலு அறைங்கறது மறக்கவே இல்ல" என்றாள் அவள், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. பிறகு, "இது எத்தன நாளா இங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"இன்னைக்குக் காலையிலதான் வந்திருக்கும்" என்றேன் உறுதியாக.

அவள் கரையைக் காட்டினாள். சேறு வழவழவென்று தேய்ந்து ஒரு தடம் தண்ணீருக்குள் இறங்கியது. "தெனமும் ஏறி எறங்கியிருக்கு மிஸ். மூணு வாரமாவது இருக்கும். நீங்க யாரும் தண்ணியில கை, கால் வைக்கலியே?"

அந்தத் தடம் என் செங்கல் படியிலிருந்து கை எட்டும் தூரம். கணவர் தண்ணீர்க் குழாயை இழுத்துப்போன தடம் என்று அதற்காக அவரைத் திட்டியிருந்தேன்.

"இல்லம்மா" என்றேன். அவர்கள் ஜீப் போனதும் வாசற்படியில் உட்கார்ந்தேன். இரண்டு கால்களும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தேன்.

பயம் போனபோது அதைவிட மோசமான ஒன்று வந்தது. ஏழு வாத்து. முதல் வாத்து போனபோதே குளத்தை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்திருந்தால் ஆறு பிழைத்திருக்கும். அந்த அக்கா இரண்டு நாள் வேலையைப் போட்டுவிட்டு வலை கட்டியது கண்ணிலேயே நின்றது.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவர் கூண்டிலிருந்து கம்பி வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கீரின்னு நான் சொன்னது தப்பு" என்றேன். அடுக்கியதில் அவ்வளவுதான் வந்தது.

"தெரியுது டீச்சர்" என்றார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "இன்னம் அஞ்சு இருக்குது. இத வாய்க்கா ஓரமா கட்டிட்டா உங்க பக்கம், எங்க பக்கம் ரெண்டுக்கும் ஆவும். அந்தக் கடைசியப் புடிங்க."

பிடித்தேன். மத்தியானம் வரைக்கும் வாய்க்கால் கரையில் முளை அடித்துக் கட்டினோம். எங்கே முளை அடிக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. வாயைத் திறக்கவில்லை.