மகுடமும் மோட்டார் ரூம் சாவியும்

எங்கள் அடையாறு அடுக்குமாடியில் சங்கத் தலைவர் யாரோ, அவர் வீட்டில்தான் மோட்டார் ரூம் சாவி இருக்கும். குழாயில் தண்ணீர் நின்றால் எல்லோரும் அந்த வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். பல வருடங்களாக எதிர் வீட்டுக்காரர்தான் தலைவர். என் வீட்டுக்காரர் செயலாளர். இரண்டு பேரும் தினமும் காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குச் சேர்ந்துதான் நடக்கப் போவார்கள். ஆனாலும் அந்த நாற்காலி மேல் இவருக்கு ஒரு கண். "அவன் மோட்டார் போடற லட்சணத்துக்கு நான் எவ்வளவோ மேல்" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார்.

எனக்கோ பயம். இவர் தலைவரானால், மணி அடிக்கும்போதெல்லாம் கதவைத் திறக்க வேண்டியது நான். வெளி ஆட்களிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இவ்வளவு ஆசைப்படுகிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

போன வருடம் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இங்கிலீஷ்காரர் ஒருவர் எழுதிய பழைய சோக நாடகத்தைத் தமிழில் போட்டார்கள். தூங்குகிற ராஜாவைக் கொன்றுவிட்டுத் தளபதி மகுடம் சூட்டிக்கொள்கிற கதை. தூண்டிவிடுகிறவள் அவன் மனைவி. எதிர் வீட்டுக்காரர் ராஜா, இவர் தளபதி. விழா முடிந்த மறு ஞாயிறு சங்கத் தேர்தல்.

"முதல்ல மேடையில, அப்புறம் மீட்டிங்ல" என்று என்னிடம் கண்ணடித்தார்.

வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது மனைவி வசனத்தை நான் வாசிக்க வேண்டும். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி, "தயங்காதீர்கள், போய் முடித்துவிட்டு வாருங்கள்" என்றேன்.

"இன்னும் வேகமா சொல்லும்மா. எனக்கு வெறி வர வேணாமா?"

"எனக்கு இவ்ளோதாங்க வரும்."

விழா அன்று கார் நிறுத்துகிற இடத்தில் மேடை போட்டிருந்தார்கள். ராஜா கட்டிலில் படுத்தார். விளக்கைக் குறைத்ததும் நிஜமாகவே தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். இவர் அட்டைக் கத்தியை ஓங்கிக்கொண்டு வந்தார், நின்றுவிட்டார். ராஜாவின் நெற்றியில் ஒரு கொசு. கத்தியாலேயே விசிறி அதை விரட்டினார். அது திரும்ப வந்தது. திரும்ப விரட்டினார்.

"இன்னா சார், குத்துவீங்கன்னு பார்த்தா கொசு ஓட்டிக்கினு கீறீங்க!" என்று வாட்ச்மேன் கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

ராஜா விழித்து, "முடிஞ்சுதாடா?" என்றார்.

"இல்லடா, நீ தூங்கு" என்று இவர் போர்வையை அவர் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் திரையைப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், யாரும் வாயைத் திறப்பதற்கு முன் இவரே எழுந்து, "தலைவரா அவனே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் என்னை முறைத்தார்.

"எல்லாம் உன்னாலதான்."

"நான் என்னங்க பண்ணேன்?"

"கொல்லச் சொல்றியா, சாப்பிடக் கூப்பிடறியான்னே தெரியாம வாசிச்சா, எனக்கு எப்படி வெறி வரும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி கலக்கப் போனேன். எதிர் வீட்டு மணி அடித்தது. யாரோ தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்திருந்தார்கள். இவர் காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டேன்.